ஒரு மையம் படுத்தால் மற்ற மையங்களும் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில் (விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கிப் பதப்படுத்தும் ஆலை) கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அரவேணு, கட்டபெட்டு, நெடுகுளா என்று 12 இடங்களில் பச்சை இலை எடை போடும் தராசோடு ஒரு லாகர் (எடையைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறது. எல்லாம் சிம் ரவுட்டர் வழியாக இணைந்தவை. லினக்ஸில் ஓடும் பைத்தான் நிரல் ஒவ்வொன்றாக கனெக்ட் செய்து எடையை வாங்குகிறது. மழையில் மூன்று இடத்தில் கரண்ட் போனால் ஆறு நிமிடம் அப்படியே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த ஆறு நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சாதாரண கனெக்ட், எதிர்முனை பதில் சொல்லும்வரை நிரலைப் பிடித்து நிறுத்தும். பதிலே வராவிட்டால் லினக்ஸ் சின் பாக்கெட்டை (இணைப்பு கேட்கும் முதல் செய்தி) 1, 3, 7, 15, 31, 63-வது விநாடிகளில் மறுபடி அனுப்பி, 127-வது விநாடியில் கைவிடும். மூன்று மையத்துக்கு 381 விநாடி. லினக்ஸின் புதிய கெர்னல்களில் (அதன் மையப் பகுதி) இடைவெளிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் மொத்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இதேதான்.

12 சாக்கெட்டுகளையும் (ஒவ்வொரு இணைப்புக்கும் நிரலில் உள்ள முனை) ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் செட்பிளாக்கிங் ஃபால்ஸ் கொடுத்து (பதிலுக்காக நிற்காத நான்-பிளாக்கிங் நிலை), கனெக்ட்_எக்ஸ் கூப்பிடுங்கள். வெறும் கனெக்ட் கூப்பிட்டால் பிளாக்கிங்ஐஓஎர்ரர் எகிறும். கனெக்ட்_எக்ஸ் எண்ணை மட்டும் தரும். லினக்ஸில் 115 வந்தால் ‘இணைப்பு நடந்துகொண்டிருக்கிறது’ என்று பொருள், அது தோல்வி அல்ல. 0 வந்தால் அப்போதே இணைந்துவிட்டது. வேறு எண் என்றால் அந்த மையம் இந்தச் சுற்றில் இல்லை. 115 வந்தவற்றை செலக்டர்ஸ் மாட்யூலில் (பல சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் பைத்தான் வசதி) எழுதும் நிகழ்வுக்குப் பதிவு செய்து, அதன் செலக்டைக் கூப்பிட்டுக் காத்திருங்கள்.

எவ்வளவு நேரம்? 1 விநாடி வைத்தால் ஒரே ஒரு பாக்கெட்டை நம்பியிருக்கிறீர்கள். மலைச்சரிவில் சிக்னல் தள்ளாடும் சிம் இணைப்புக்கு அது போதாது. 8 விநாடி வைத்தால் 0, 1, 3, 7 என்று குறைந்தது நான்கு முறையாவது தட்டிப் பார்த்துவிடும். இந்த 8 விநாடி மொத்தச் சுற்றுக்கும் சேர்த்துத்தான். தொடக்கத்திலேயே டைம்.மோனோடானிக்கில் (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) கெடு நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மீதி நேரத்தை மட்டும் செலக்டுக்குக் கொடுங்கள். லூப்பில் மறுபடி மறுபடி 8 கொடுத்தால், ஒரு மையம் 7-வது விநாடியில் பதில் சொன்னதும் மற்றவற்றுக்கு இன்னொரு 8 விநாடி கிடைத்துவிடும். சாதாரண கடிகார நேரத்தையும் நம்பாதீர்கள். கரண்ட் வந்ததும் நேரம் திருத்தப்பட்டால் கணக்கு குழம்பும்.

இன்னொன்று: முகவரிக்குப் பதில் பெயர் கொடுத்தால், அந்தப் பெயரைத் தேடும் வேலை கனெக்ட்_எக்ஸுக்கு உள்ளேயே நின்று நடக்கும். நான்-பிளாக்கிங் அமைப்பு அதைத் தடுக்காது. 12 லாகர்களுக்கும் நிலையான ஐபி எண்ணை ஃபைலில் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ‘எழுதலாம்’ என்று செலக்ட் சொல்கிறது. நம்பி அனுப்பினால் பிழை வருகிறது. செலக்ட் தப்பாகச் சொல்கிறதா? (குன்னூர் வாசகி)

பதில்: இல்லை. ‘முயற்சி முடிந்தது’ என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வென்றதா தோற்றதா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்: கெட்சாக்ஆப்ட் வழியாக எஸ்ஓ_எர்ரர் மதிப்பை வாங்குங்கள். 0 என்றால் இணைந்தது. லினக்ஸில் 111 என்றால் எதிர்முனைக் கருவி உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் (இணைப்பு எண்) எந்த நிரலும் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை. லாகரின் மென்பொருளைப் பாருங்கள். 113 என்றால் போய்ச்சேர வழியில்லை. ரவுட்டரையும் கரண்டையும் பாருங்கள். ஆளை ஜீப்பில் அனுப்புவதற்கு முன் இந்த எண்ணை லாக் ஃபைலில் பார்த்தால் ஒரு பயணம் மிச்சமாகலாம்.

இந்த மதிப்பை ஒருமுறை படித்தால் அழிந்துவிடும். அதனால் படித்ததும் ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற சாக்கெட்டில் மறுபடி கனெக்ட் செய்யாதீர்கள். மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.

கேள்வி: இணைந்த பிறகு சிபியு 100 சதவீதத்துக்கு ஏறி ஃபேன் இரைகிறது. (கூடலூர்)

பதில்: இணைந்த சாக்கெட் ஏறக்குறைய எப்போதும் எழுதத் தயாராகவே இருக்கும். எழுதும் நிகழ்வுக்கான பதிவு அப்படியே கிடந்தால் செலக்ட் உடனுக்குடன் திரும்பி லூப் சுழன்றுகொண்டே இருக்கும். எஸ்ஓ_எர்ரர் 0 என்று பார்த்த கையோடு மாடிஃபை கூப்பிட்டுப் படிக்கும் நிகழ்வுக்கு மாற்றிவிடுங்கள். அனுப்ப வேண்டியது மீதி இருக்கும்போது மட்டும் எழுதுவதைத் திரும்பச் சேருங்கள்.

கேள்வி: அதே நிரல் ஊட்டி அலுவலகத்தில் விண்டோஸில் ஓடினால், தோற்ற இணைப்பு டைம்அவுட் வரை தெரிவதே இல்லையே?

பதில்: செலக்ட்.செலக்டை (படிக்க, எழுத, விதிவிலக்கு என மூன்று சாக்கெட் பட்டியல்களை வாங்குவது) நேரடியாகக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். விண்டோஸ், தோற்ற கனெக்டை எழுதும் பட்டியலில் காட்டாது. மூன்றாவது பட்டியலான விதிவிலக்குப் பட்டியலில்தான் காட்டும். அதே சாக்கெட்டுகளை அங்கேயும் கொடுங்கள், அல்லது செலக்டர்ஸ் மாட்யூலுக்கு மாறுங்கள். அது இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது. கூடவே 115-ஐ எண்ணாக எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் அந்த இடத்தில் 10035 வரும்.