லிடிய மொழி 'வ்ஸ்பகேந்த்': சிதறடிப்பதா, மிதிப்பதா?

சார்திஸ் (இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த பண்டைய லிடியாவின் தலைநகர்) இருமொழிக் கல்வெட்டில் லிடியமும் அரமேயமும் (பண்டைய மேற்காசிய மொழி) உள்ளன. அதன் லிடியப் பகுதியின் கடைசி வினையான 'வ்ஸ்பகேந்த்'துக்கு ஒருவர் 'சிதறடிக்கட்டும்' என்றும் இன்னொருவர் 'மிதிக்கட்டும்' என்றும் பொருள் தருகிறார்கள், எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் 'மிதித்து அழிக்கட்டும்' என்றே எடுப்பேன்.

'சிதறடி' வந்த வழி எளிது. அதே கல்லில் உள்ள அரமேயப் பகுதியில் அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. கல்லறையைச் சேதப்படுத்துபவனை எபேசு, கொலோயே என்ற ஊர்களின் தேவியரான எபேசு ஆர்டெமிஸும் கொலோயே ஆர்டெமிஸும் சிதறடிக்கட்டும் என்ற சாபம் அது. ஆனால் இது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இல்லை. அரமேயத்தில் 'அவனையும் அவன் வாரிசையும்' என்று முடிகிறது; லிடியத்தில் அந்த வாரிசே இல்லை. அதனால் அரமேயத்திலிருந்து சாபத்தின் போக்கை எடுக்கலாம், வினையின் நுட்பமான பொருளை எடுக்க முடியாது.

சரி, லிடிய வரியையே பாருங்கள். சேதப்படுத்துபவனின் முற்றம், வீடு, நிலம், நீர் என்று வரிசையாக வரும் பெயர்களின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். சிலவற்றில் ஒட்டியிருக்கும் 'உம்' என்ற பொருள் தரும் k-வை விட்டுப் பார்த்தால், எல்லாம் λ என்று எழுதும் ஒரு லகர ஒலியில் முடிகின்றன. அது செயப்படுபொருள் உருபு அல்ல. நம் நான்காம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் செய்யும் உருபு. 'வீட்டைச் சிதறடி' என்பதற்கு அது ஒட்டாது, 'வீட்டின் மேல் மிதி' என்பதற்கு அழகாக ஒட்டுகிறது. எனக்கு இதுதான் வலுவான சான்று.

அப்புறம், வினையின் முடிவில் உள்ள 'ந்த்'தைப் பன்மை விகுதியாகப் படிக்கலாம். எழுவாய் இரண்டு தேவியர், அரமேய வினையும் பன்மைதான். மொழிபெயர்ப்பில் 'மிதித்து அழிக்கட்டும்' என்று போட்டு, அரமேயச் சொல்லை அடிக்குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.