வலிப்புக்கு ஆபரேஷன்: மண்டையைத் திறக்கும் முன்

வாசகர் கேள்விகளுக்கு மூளை நரம்பியல் மருத்துவர் குழு பதில் அளிக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வந்த வலிப்பு அரைமணி நேரம் நிற்கவே இல்லை. பிறகு 12 வயதில் மறுபடி ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து என்னமோ ஏறுகிறது என்பான். அப்படியே வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டுவான். வலது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும், இடது கை முறுக்கி விறைத்துவிடும். ஒன்றரை நிமிஷத்தில் தெளிந்துவிடும். மாதம் நாலைந்து முறை வருகிறது. மூன்று விதமான மாத்திரை போட்டும் நிற்கவில்லை. ஓசூர் கம்பெனி வேலையும் போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மூளையில் கை வைத்தால் பையன் பழையபடி கிடைப்பானா?
*ஒரு தாய், பாலக்கோடு*

பதில்: டாக்டர் சொன்னது ‘பரிசோதித்துப் பார்க்கலாம்’ என்றுதான், அம்மா. அதற்குச் சம்மதிப்பதால் ஆபரேஷனுக்குச் சம்மதித்ததாகாது. எல்லாம் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு.

முதலில் மாத்திரைக் கணக்கு. பொருத்தமான இரண்டு மருந்துகளை, தேவையான அளவில், ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. மூன்றாவது, நாலாவது மருந்து கேட்கும் என்று காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றது 14 சதவீதம் பேருக்கு. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்றது வெறும் 3 சதவீதம்.

ஆனால் ‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கியதில் காலை வேளை மாத்திரை விட்டுப்போனதா? மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தீர்களா? இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து, ஒரு தடவையாவது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதிய விவரம் டாக்டருக்கு மிகவும் பயன்படும். ஒரு கை எதையாவது திருகிக்கொண்டிருக்க, மறு கை முறுக்கி விறைத்தால், விறைக்கும் கைக்கு எதிர்ப்பக்க மூளையில்தான் வலிப்பு கிளம்புகிறது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். உங்கள் மகனுக்கு அது வலது பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் பகுதி. அங்கே சுண்டுவிரல் பருமனில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பாகம் உண்டு. குழந்தையில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்த சிலருக்கு அது சுருங்கித் தழும்பாகி, பல வருஷம் கழித்து வலிப்பைக் கிளப்பும். ஆபரேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை இது. சாதாரண ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்திருந்தாலும், அதிகக் காந்தசக்தி கொண்ட 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வலிப்புக்கென்றே மெல்லிய துண்டுகளாக எடுத்தால் தெரியலாம்.

அடுத்தது வீடியோ இ.இ.ஜி., அதாவது தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்துகொண்டே வீடியோவும் எடுப்பது. ஆஸ்பத்திரியில் சில நாள் தங்க வேண்டும். முந்தைய நாள் ஷாம்பு போட்டுத் தலைகுளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. வலிப்பு வர வேண்டும் என்பதற்காக அங்கே மாத்திரையைக் குறைப்பார்கள். வீட்டில் நீங்களாக அப்படிக் குறைக்கவே கூடாது.

கூட இருப்பவருக்கும் அங்கே வேலை உண்டு. வலிப்பு தொடங்கியதும் பட்டனை அழுத்தி, போர்வையை விலக்குங்கள். கேமராவை மறைத்து நிற்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ‘மாம்பழம்’ என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தெளிந்ததும் ‘என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள். பேச்சு உடனே திரும்புகிறதா, சில நிமிஷம் குழறுகிறதா என்பதே எந்தப் பக்கம் என்று காட்டும். நம் ஊர் வழக்கப்படி சாவிக்கொத்தைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்காது. கை எப்படி முறுக்குகிறது என்ற சாட்சியும் கெட்டுப்போகும்.

பிறகு நினைவாற்றல் சோதனை. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பலர் வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம் பேசுவார்கள், பள்ளியில் படித்தது தமிழாக இருக்கும். உங்கள் பகுதியிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் (மூளை நரம்பியல், மனநல ஆஸ்பத்திரி) பக்கம் என்பதால் பலரும் அங்கே போகிறார்கள். எங்கே போனாலும், அவனுக்கு எந்த மொழி சரளமோ அதில் சோதிக்கச் சொல்லுங்கள். பழகாத மொழியில் மார்க் குறைந்தால் மூளைமீது பழி விழும்.

வலிப்பின் தோற்றம், இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ., நினைவுச் சோதனை நான்கும் ஒரே இடத்தைக் காட்டினால் ஆபரேஷன் பேச்சு. காட்டாவிட்டால் பெட் ஸ்கேன் (மூளையில் எந்த இடம் சர்க்கரையைக் குறைவாகச் செலவழிக்கிறது என்று காட்டுவது), தேவைப்பட்டால் மூளைக்குள்ளேயே மின்கம்பி வைத்துப் பார்ப்பது.

ஆபரேஷனில் காதுக்கு முன்னால் தொடங்கி வளைவாகத் தோலைக் கீறி, எலும்பை ஒரு மூடிபோல எடுத்து, டெம்போரல் பகுதியின் முன்பக்கத்தில் சில சென்டிமீட்டரையும் ஹிப்போகாம்பஸையும் அகற்றுவார்கள். எலும்பைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். மெல்லும் தசையை விலக்குவதால் சில வாரம் வாயை அகலத் திறந்தால் வலிக்கும். களி, ரசம் சாதம் என்று மெதுவானதாகக் கொடுங்கள்.

கனடாவில் 80 பேரை இரு பிரிவாக்கி 2001இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷத்தில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். அதாவது, ஆபரேஷன் செய்தும் எல்லோருக்கும் நின்றுவிடவில்லை.

‘பழையபடி கிடைப்பானா’ என்ற கேள்விக்கு: குணம் மாறி வேறு ஆளாகிவிடுவான் என்ற பயம் தேவையில்லை. ஆனால் வலது பக்க ஆபரேஷனில் பார்வையின் இடது மேல்மூலை கொஞ்சம் மறையலாம். பலருக்கு அது தெரிவதே இல்லை. இடது பக்கமாக இருந்தால் வார்த்தை, பெயர் நினைவு குறையும் ஆபத்து கூடுதல். கிருமித்தொற்றும் பக்கவாதமும் அரிது, ஆனால் உண்டு. முதல் சில மாதங்களில் மனச்சோர்வு வரலாம். எதிர்பார்த்தபடி வலிப்பு நின்ற பிறகும் பையன் சுருண்டு படுத்தால் சோம்பல் என்று திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் மூளையில் பூச்சிக் கட்டி, சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்கிறார்கள். வெட்டி எடுத்தால் வலிப்பு போய்விடுமா, அய்யா?
*ஊத்தங்கரை வாசகர்*

பதில்: பெரும்பாலும் மாத்திரையே போதும். மாத்திரைக்கு நிற்காவிட்டால்தான் ஆபரேஷன் யோசனை. அப்போதும் அந்தக் கட்டியிலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது என்று நிரூபணமாக வேண்டும். கட்டி ஓரிடத்திலும் வலிப்பின் மூலம் வேறிடத்திலும் இருப்பது உண்டு. பன்றிக்கறி சாப்பிடாதவருக்கும் இது வரும்: நாடாப்புழுவின் முட்டை கழுவாத காய்கறி வழியாகவும் சுத்தமில்லாத கை வழியாகவும் உள்ளே போகும்.

கேள்வி: பேத்திக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து வலது கை, கால் பலவீனம். தினமும் பத்து முறைக்கு மேல் வலிப்பு. பாதி மூளையை நிறுத்தும் ஆபரேஷன் என்கிறார்கள். கேட்கவே நடுங்குகிறது.
*பென்னாகரம் வாசகர்*

பதில்: கெட்டுப்போன பாதியை மற்ற பாதியிலிருந்து துண்டித்துவிடும் ஆபரேஷன் அது. மூளையைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். கை கால் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதால் புதிதாக இழப்பது குறைவு. ஆனால் அந்தக் கை விரல்களால் நுணுக்கமாகப் பிடிக்கும் திறன் இருந்தால் அது போகும். இரண்டு கண்ணிலும் பார்வையின் வலது பாதியும் போகும். நடப்பது பெரும்பாலும் பயிற்சியில் திரும்பும். இதில் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம்: சின்ன வயதில் நல்ல பாதி, பேச்சு உட்பட மற்றதன் வேலையை எடுத்துக்கொள்ளும். டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரிடம் பலவகை வலிப்பு ஆபரேஷன்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்தில் வலிப்பின்றி இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 77 சதவீதம், மருந்து மட்டும் பிரிவில் 7 சதவீதம்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி ஓட்டலாமா?
*அரூர் வாசகர்*

பதில்: இரண்டும் கூடாது. வலிப்பு நின்றாலும் மாத்திரை தொடரும். பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு வருஷம் போல ஆன பிறகே, அதுவும் ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1இல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, பொய் எழுதாதீர்கள். பார்வைப்புலச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். கிணற்றில் இறங்குவது, தென்னை ஏறுவது, அடுப்படியில் தனியாக நிற்பது எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும் வரை வேண்டாம்.