காய்ச்சல் விட்டது, சிரப்பை நிறுத்தலாமா?

கேள்வி: நான்கு வயது மகளுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று. பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, ஓடியாடுகிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கினால், மருந்து கிருமிக்குப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். கிருமி ஒழிந்தது என்று அர்த்தமில்லை. காய்ச்சலோடு வரும் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும். அதனால்தான் வழக்கமாக 7 முதல் 10 நாள் மருந்து. காய்ச்சலின்றி எரிச்சலோடு சிறுநீர்ப்பையில் நிற்கும் தொற்றுக்குச் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு 3 முதல் 5 நாள் போதும். தெரிந்தவர் குழந்தைக்கு மூன்றே நாள் கொடுத்தார்களே என்று ஒப்பிடாதீர்கள். 72 மணி நேரம் கழிந்தும் காய்ச்சல் அடித்தால் மீண்டும் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றவோ ஸ்கேன் எடுக்கவோ வேண்டியிருக்கும்.

நாள் கணக்கைவிட அளவில்தான் அதிகம் தவறுகிறோம். சிரப் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் என்றால் வழக்கமான அளவு ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 8 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 50 மில்லிகிராம் உள்ளதில் 12 மில்லி. கடையில் பாட்டில் மாறினால் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். டாக்டர் எழுதிய மில்லி எந்த பாட்டிலுக்கு என்று லேபிளைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

பவுடராக வரும் பாட்டிலை முதலில் தட்டி உதிர்த்து, கொதித்து ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் முதல் நாட்களில் தண்ணீர், கடைசி நாட்களில் கெட்டி மருந்து. வீட்டு ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கலக்கினால் ஃப்ரிட்ஜில்கூட 7 நாள்தான் தாங்கும். பத்து நாள் மருந்துக்கு இரண்டாவது பாட்டில் தேவைப்படுவது இதனால்தான். அதை எட்டாம் நாள் கலக்கினால் போதும்.

கேள்வி: ஒரு வயதுப் பையனுக்குப் உடலில் பை ஒட்டி எடுத்த சிறுநீரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மூன்று வகைக் கிருமிகள் வந்திருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அது பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது. உண்மைத் தொற்றில் பொதுவாக ஒரே கிருமிதான் வளரும், பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் கிருமி. சிறு குழந்தைக்கு மெல்லிய குழாய் செலுத்தி எடுப்பதே நம்பகமானது. கல்ச்சருக்கான சிறுநீரை மருந்தின் முதல் வேளைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மருந்துகூடக் கிருமி வளர்ச்சியை மறைத்துவிடலாம். எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்னொன்று: காய்ச்சலுள்ள தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் உதவாது. அது சிறுநீரில் சேருமே தவிர, சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது.

கேள்வி: மருந்தைக் கொடுத்தவுடன் குழந்தை வாந்தி எடுக்கிறது. திரும்பக் கொடுக்கலாமா?

பதில்: அரை மணி நேரத்துக்குள் என்றால் பொதுவாக அதே அளவை ஒரு முறை மீண்டும் கொடுக்கலாம். அதுவும் நிற்கவில்லை என்றால் ஊசி மருந்துதான், மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வாந்தி வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.