படகு கட்டும் இடம் மாறினால்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே ஆயுள் காப்பீடு எடுத்து என்னை நாமினியாகப் போட்டிருக்கிறான். போன மாதம் அந்தக் கம்பெனி தன் தாய் மாநிலத்தை அயோவாவுக்கு மாற்றிக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் படித்த நெட் சென்டர் தம்பி, ‘பழைய பாலிசி செல்லாதும்மா’ என்கிறார். நிஜமா? இங்கே எங்கள் படகு இன்சூரன்ஸ் கம்பெனியும் இப்படி மாறினால் என்ன செய்வது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அந்தத் தம்பி சொன்னதை விடுங்கம்மா. ராமேஸ்வரத்தில் கட்டிவந்த விசைப்படகை நாளையிலிருந்து மண்டபத்தில் கட்டினால் அது வேறு படகாகிவிடுமா, இல்லை டீசல் கடன்தான் தள்ளுபடியாகுமா? அதே கதைதான்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது, 1945-ல் வந்த மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அப்படி. ஹைதராபாத்தில் உட்கார்ந்து நாடு முழுக்கப் பார்க்கும் நம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மாதிரி அங்கே கிடையாது. அதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தாய் மாநிலம், அதன் கணக்கு வழக்கை முதலில் தோண்டிப் பார்ப்பவர் அந்த மாநிலத்து இன்சூரன்ஸ் கமிஷனர். பழைய, புதிய மாநிலக் கமிஷனர்களின் சம்மதத்தோடு இடம் மாறினாலும் அது அதே கம்பெனிதான். பாலிசி, பிரீமியம், நாமினி, கோர்ட்டில் நிற்கும் வழக்கு எதுவும் அறுந்து போகாது.

மாறுவது எது என்றால், நாளைக்குக் கம்பெனி நொடித்துப் போனால் சாவியை வாங்கிக் கணக்குத் தீர்ப்பவர். இனி அவர் அயோவாக்காரர். ஆனால் அப்போது பாலிசிதாரருக்குப் பணம் கொடுத்துக் கைகொடுக்கும் உத்தரவாதச் சங்கம், பொதுவாக அவர் குடியிருக்கும் மாநிலத்துடையது, அதாவது டெக்சாஸுடையது. இறப்புத் தொகைக்கு அங்கே உச்சவரம்பு 3 லட்சம் டாலர். மகன் அதற்கு மேல் பாலிசி எடுத்திருந்தால் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு சந்தேகம். கடிதத்தில் தாய் மாநிலம் மட்டும் மாறுகிறதா, இல்லை ‘உங்கள் பாலிசியை வேறொரு கம்பெனி ஏற்கிறது’ என்றும் எங்கேயாவது இருக்கிறதா? அப்படி இருந்தால் படகே கைமாறுகிறது என்று அர்த்தம். சில மாநிலங்களில் அதை மறுக்க உரிமை உண்டு, கெடு தேதியோடு. மகனை இரண்டாம் பக்கம் வரை பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகள் முதல் பக்கத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

படகு விஷயம் சுலபம். இங்கே கம்பெனி தன் பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக 2013 கம்பெனிகள் சட்டப்படி சிறப்புத் தீர்மானமும் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் பாலிசி அப்படியே இருக்கும். கிளைமை இழுத்தடித்தால் அவர்கள் ஆபீஸைத் தேடி மும்பைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்துக்கு பாலிசி நகலோடும் கிளைம் கேட்ட கடித நகலோடும் போங்கள், பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.