மறுமொழி: அம்மாவின் முட்டி வலியும் டிராமடோல் தலைசுற்றலும்

தம்பி, பட்டர்வொர்த்தில் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை முடிந்து இரண்டு வாரம், டிராமடோல் என்ற வலி மாத்திரை போட்டால் வாந்தியும் தலைசுற்றலும், போடாவிட்டால் நடக்கவே மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் எலும்பு வார்டில் தாதி. அந்த மாத்திரையைக் குறைக்க வழி உண்டு.

முதலில் பெனடோல், அதாவது பாராசிட்டமோல். வலி ஏறிய பிறகு கொடுக்காமல், நேரம் தவறாமல் கொடுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். நாளுக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. மெலிந்த உடம்பு, ஈரல் கோளாறு என்றால் இன்னும் குறைவு. டிராமடோல் அட்டையையும் பாருங்கள். சிலவற்றில் பாராசிட்டமோல் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செலிகோக்சிப் போன்ற வீக்க மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் அம்மாவுக்கு இனிப்புநீர் என்றீர்களே, சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பார்மசியில் வாங்கிவிடாதீர்கள்.

பெனடோல் போட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சி. முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ், 15–20 நிமிடம்.

முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம். பாசத்தில் எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள், கால் மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். தையல் பக்கம் தைலமும் வேண்டாம்.

டிராமடோலை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.