அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளையிடம் போய்ச் சேர: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்தும், வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே பதிவு பெற்று, வாடகை வீடுகளில் இருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. பெயர்களை நீக்கியிருக்கிறேன். பலர் கேட்டதை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

மகன் 16 வயதில் ஜெர்மனிக்குப் போய்த் தஞ்சம் கேட்டான். அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. ஆனால் முடிவு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவனுக்கு 18 முடிந்துவிட்டது. இனி பெற்றோர் போக வழியில்லை என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். உண்மையா?
(ஒரு தாய், பெருமாள்புரம்)

இல்லை அம்மா. அண்ணன் சொல்வது பழைய கணக்கு. தனியாக வந்த சிறுவர் ஒருவர் அகதியாக ஏற்கப்பட்டால், அவருடைய தாய் தந்தையை அனுமதிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப இணைவு நெறிமுறை. வயதை எந்த நாளில் வைத்துப் பார்ப்பது என்பதில்தான் வழக்கு நடந்தது. தஞ்சம் கேட்ட நாளில் 18 ஆகவில்லை என்றால், விசாரணை நடக்கும்போது 18 தாண்டினாலும் அவர் சிறுவர்தான் என்று 2018 ஏப்ரல் 12 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நெதர்லாந்தில் இருந்த ஓர் எரித்ரியப் பெண்ணின் வழக்கு. ஜெர்மனி அதன் பிறகும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் வழக்குகளிலேயே அதே தீர்ப்பு வந்தது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இப்படி இடையில் 18 ஆனவர்களுடைய பெற்றோர், அகதியாக ஏற்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவுக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. இன்றிரவே மகனிடம் கேளுங்கள். ஜெர்மனியில் இத்தகைய கடிதம் மஞ்சள் உறையில் வரும். அது கொடுக்கப்பட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேல் கையால் எழுதியிருப்பார். நம் பிள்ளைகள் உள்ளே இருக்கும் தாளைப் பத்திரப்படுத்திவிட்டு உறையைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். உறையையும் கடிதத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாயும் தந்தையும் மகனுடன் சேர்ந்து வாழ விண்ணப்பிக்கிறோம் என்று இருவர் பெயரிலும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் உடனே அனுப்புங்கள். அனுப்பியதற்கான ரசீதை உயிர்போல் காத்து வையுங்கள். அங்கே மகன் ஒரு வழக்கறிஞரையோ புலம்பெயர்ந்தோர் ஆலோசனை நிலையத்தையோ அணுகட்டும். மற்ற ஆவணங்கள் பிறகு வந்து சேரலாம்.

இன்னும் 18 ஆகாத பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த 3 மாதக் கெடு இல்லை என்று 2024 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்காக ஆறப்போடச் சொல்லவில்லை.

என் மகளுக்கும் ஜெர்மனியில்தான் "விசா" கிடைத்தது. ஆனால் எங்களைக் கூப்பிட முடியாது என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?
(கோழிவிளை)

நாம் எல்லாவற்றையும் "விசா கிடைத்துவிட்டது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அங்கே அது இரண்டு வேறு பாதுகாப்புகள். முழு அகதி அந்தஸ்து ஒன்று. துணைப் பாதுகாப்பு இன்னொன்று; அகதி என்று ஏற்காவிட்டாலும், திருப்பி அனுப்பினால் பெருந்தீங்கு நேரும் என்பதற்காகத் தருவது அது. மகளின் வதிவிட அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். 25ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு என்று இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதை அடுத்து வரும் "1. அல்ட்" (Alt) என்பது அகதி, "2. அல்ட்" என்பது துணைப் பாதுகாப்பு. துணைப் பாதுகாப்புப் பெற்றவர்களின் குடும்ப இணைவை ஜெர்மனி 2025 ஜூலை முதல் 2 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்திருக்கிறது. மிகக் கடுமையான இடர்ப்பாடு இருந்தால் மட்டுமே விலக்கு. உங்கள் மகள் இந்த இரண்டாவது வகையாக இருக்கக்கூடும். முழு அந்தஸ்து கோரி மேல்முறையீடு செய்ய அவருக்கு வழி இருக்கிறதா என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் இப்போதே கேட்க வேண்டும்.

பையன் சித்தப்பா வீட்டில் இருக்கிறான். அதனால் "தனியாக வந்தவன்" என்று ஏற்க மாட்டார்களா?

ஜெர்மன் சட்டம் கேட்பது, பிள்ளையின் பொறுப்புள்ள தாயோ தந்தையோ அந்த நாட்டில் இருக்கிறார்களா என்பதைத்தான். சித்தப்பா இருப்பது தடையல்ல. ஆனால் தாய் தந்தை இருவரும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். ஒருவர் முன்னால் போய்விட்டால் மற்றவருடைய விண்ணப்பம் சிக்கலாகிவிடும்.

நாங்கள் போகலாம் என்கிறீர்கள். 11 வயது இளையவளை என்ன செய்வது?
(ஞாறாம்விளை)

இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு நெடுநேரம் அப்படியே இருந்தேன். வந்த கடிதங்களில் ஆறேழு பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

பிரான்ஸ் இதில் இரக்கமுள்ள நாடு. 2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, அகதிச் சிறுவரின் பெற்றோர் தங்கள் பொறுப்பில் இருக்கும், மணமாகாத, 18 வயதுக்குட்பட்ட மற்றப் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போகலாம். ஜெர்மனியில் உடன்பிறந்தவருக்குத் தனி உரிமை இல்லை. தங்கை, "தாய் தந்தையரின் பிள்ளை" என்ற கணக்கில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வீட்டின் அளவு, வருமானம் என்று கேட்பார்கள். பெற்றோருக்கு அந்த நிபந்தனை கிடையாது, பிள்ளைக்கு உண்டு என்றால் எந்தத் தாய்க்குப் புரியும்? இது அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் விண்ணப்பத்தைப் போடுங்கள். பெற்றோருடைய விண்ணப்பத்தோடு அதே நாளில் போடுங்கள். அவளைப் பார்த்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை என்பதை ஆதாரத்துடன் எழுதுங்கள். நான் குறிப்பிட்ட 2024 தீர்ப்பில், தாய் தந்தையரையே முழுக்கச் சார்ந்திருந்த, கடும் நோயுற்ற மூத்த சகோதரியையும் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அவளை விட்டுவிட்டுப் பெற்றோர் புறப்பட முடியாது, அப்படியானால் சிறுவனின் உரிமையே வெறும் காகிதமாகிவிடும் என்பதுதான் அதன் காரணம். உங்கள் மகள் நோயாளி அல்ல. ஆனால் அந்தக் காரணத்தை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டலாம்.

லண்டனில் இருக்கும் பிள்ளை எங்களைக் கூப்பிடலாமா? சுவிஸ், கனடா?

மூன்றிலும் இந்த வழி இல்லை. பிரிட்டனில் அகதிச் சிறுவர் பெற்றோரை அழைக்க விதியில் இடம் இருந்ததே இல்லை. பெரியவர்களுக்கு இருந்த அகதிக் குடும்ப இணைவையும் 2025 செப்டம்பரில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் துணைவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டுமே குடும்பத் தஞ்சம். கனடாவில் சிறுவர் தம் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. பிரிட்டனில் குடும்ப வாழ்வுக்கான மனித உரிமையைச் சொல்லி விதிக்கு வெளியே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

எங்களிடம் கடவுச்சீட்டே இல்லை. 1990இல் படகில் வந்தோம். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். எங்கிருந்து தொடங்குவது?
(பழவிளை)

கடவுச்சீட்டிலிருந்து. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்று தேவை. ஊரில் உறவினர் எவரேனும் இருந்தால், பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த சான்று மட்டும் போதாது. அவர்களுடைய பிறப்பையும் அதே துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெற்ற பிறகுதான் கடவுச்சீட்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் இந்தப் பதிவுகளுக்கு உதவுகிறார்கள்.

அடுத்தது வெளியேறும் அனுமதி. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கு விலக்கு அளித்து 2025இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. சிலர் அதை வைத்து விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது இங்கே தங்கியிருப்பதற்கான விலக்கு. நாட்டை விட்டுப் போக, முகாம் பதிவைப் பார்க்கும் வருவாய்த் துறை, காவல்துறை ஆகியவற்றின் ஒப்புதலும் குடிவரவுத் துறையின் அனுமதியும் வேண்டும். ஐரோப்பிய விசா கையில் வந்த பிறகு இதைத் தொடங்கி, விசாவின் காலம் முடியும் தறுவாயில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். கடவுச்சீட்டு வந்தவுடனே நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிடுங்கள்.

இலங்கைச் சான்றில் ஒரு பெயர், முகாம் அட்டையில் ஒரு பெயர். நிராகரித்துவிடுவார்களா?

போன மாதம் ஒரு குடும்பத்தின் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். இலங்கைச் சான்றில் "திகதி" என்ற கட்டத்தில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். அதைப் பார்த்து முகாமில் எழுதிய யாரோ மாதத்தையும் நாளையும் இடம் மாற்றிவிட்டார். தந்தை பெயர் ஓரிடத்தில் முழுமையாக, இன்னோரிடத்தில் வெறும் முன்னெழுத்தாக. இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறது.

ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அகதிக் குடும்பத்தின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது, வேறு ஆதாரங்களையும் பார்க்க வேண்டும் என்று அந்த 2003 நெறிமுறையே சொல்கிறது. பள்ளி மாற்றுச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய குடும்பப் புகைப்படம், பிள்ளையுடன் பேசிய அழைப்புப் பதிவுகள் எல்லாம் ஆதாரம்தான். மரபணுச் சோதனைக்கும் சம்மதிக்கலாம். வேறுபாட்டை நீங்களே ஒரு பக்கத்தில் விளக்கி முன்கூட்டியே கொடுங்கள். நீங்களாகத் திருத்திய சான்று, புதிதாக "எடுத்துத் தந்த" சான்று எதையும் சேர்க்காதீர்கள். ஒரு பொய்த் தாள் நல்ல தாள்கள் அனைத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்ட் 6 லட்சம் கேட்கிறார். தூதரகத்தில் ஆள் இருக்கிறதாம்.

கொடுக்காதீர்கள். ஜெர்மனியின் நீண்டகால விசாவுக்குக் கட்டணம் பெரியவருக்கு 75 யூரோ. மொழிபெயர்ப்பு, பயணம் என்று செலவு கூடும். ஆறு லட்சம் ஆகாது. பிரமாண வாக்குமூலம் போன்றவற்றுக்கு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மனுவைத் தாயின் பெயரில் கொடுங்கள்.

கணவர் 2009இல் காணாமல் போனார். விண்ணப்பத்தில் "தந்தை" என்ற இடத்தில் என்ன எழுதுவது?

"காணாமல் போனவர்" என்றே எழுதுங்கள். "இறந்துவிட்டார்" என்று எழுதினால் விஷயம் சுலபமாகும் என்று யாரேனும் சொல்வார்கள். இறப்புச் சான்று இல்லாமல் அப்படி எழுதாதீர்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு, அவர் இறந்தார் என்று அறிவிக்காமலே, காணாமல் போனமையை உறுதிப்படுத்தும் சான்று தருகிறார்கள். உறவினர் மூலம் அதற்கு விண்ணப்பிக்கலாம். அது வரும்வரை, எந்த நாளில், எந்த இடத்தில் அவரைக் கடைசியாகப் பார்த்தீர்கள், எங்கெல்லாம் முறைப்பாடு செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மகன் தன் விசாரணையில் தந்தையைப் பற்றி என்ன சொன்னான் என்பதையும் கேட்டறியுங்கள். இரண்டு வாக்குமூலங்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவன் அப்போது சின்னப் பையன். ஆண்டைத் தவறாகச் சொல்லியிருந்தால், அதையும் உங்கள் தாளில் சொல்லிவிடுங்கள்.