சருகுக் குவியலில் தொடங்கலாம்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறார்கள், பேரணி போகிறார்கள், ஓவியப் போட்டியில் பரிசு வாங்குகிறார்கள். இதனால் காற்று மாசு உண்மையில் குறைகிறதா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால் ஆகக்கூடிய வேலை எது?

பதில்: பேரணியால் காற்று தூய்மையாவதில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைப் புகைபோக்கியையும் வாளையாறு வழியாகப் போகும் லாரிகளையும் கட்டுப்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், போக்குவரத்துத் துறை போன்றவற்றின் பொறுப்பு. அந்தச் சுமையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது நியாயமுமில்லை. ஆனால் பள்ளி மதிலுக்குள்ளும் வீட்டுக் கொல்லையிலும் எழும் புகை பிள்ளைகளின் கைக்கு எட்டுவது. பத்தடி தொலைவில் எரியும் குப்பை, பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆலையைவிட ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு அன்றைய காலையில் அதிகத் தீங்கு செய்யக்கூடும்.

எனவே முதலில் சருகைப் பாருங்கள். உங்கள் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது தேக்கும் பிற மரங்களும் இலையை உதிர்க்கின்றன. காலையில் கூட்டிக் குவித்து, மணியடிப்பதற்கு முன் தீ வைத்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். புகைக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. காற்று ஓய்ந்த விடியற்காலையில் தரையையொட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால் புகை மேலெழ முடியாமல் வகுப்பறை சன்னல் உயரத்திலேயே படர்ந்து நிற்கும். பனியில் நனைந்த சருகு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைவதால் நுண்துகள் இன்னும் கூடும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு ரோமத்துக்கும் சளிக்கும் அகப்படாமல் நுரையீரலின் அடிவரை அவை போய்விடும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எரிக்காவிட்டால் சருகை எங்கே போடுவது என்று துப்புரவுப் பணி செய்யும் அக்கா கேட்பார்; கேட்பது சரியே. மதிலோரம் மழைநீர் தேங்காத இடத்தில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி போதும். ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, அதன்மேல் கரைத்த சாணம், மதிய உணவுக் கூடத்தின் காய்கறித் தோல், ஒரு கூடை மண் என்று மாறி மாறி அடுக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதற்குப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுங்கள்: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நான்கு மாதத்தில் உரமாகும். தேக்கிலை முரடு என்பதால் மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

பிளாஸ்டிக் இந்தக் குழிக்குள் போகவே கூடாது, தீக்குள்ளும் போகக் கூடாது. குளோரின் கலந்த பிவிசி போன்றவை குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து நகரமே நாள்கணக்கில் மூச்சுத் திணறியதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். வீட்டு மிட்டாய்க் காகிதத்தையும் பால் கவரையும் கழுவிக் காயவைத்து வீடுதோறும் வந்து பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினர் வரும் நாளில் கொடுப்பதைப் பிள்ளைகளே பொறுப்பேற்றுச் செய்யலாம்.

கண்ணால் கண்டால்தான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். மூன்று வெள்ளை அட்டைகளில் மெல்லியதாக வாஸ்லின் தடவி, வாயிற்கதவு, சமையற்கூடம், வகுப்பறை ஆகிய மூன்று இடங்களில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். மறுநாள் பூதக்கண்ணாடியால் ஒரு சதுர அங்குலத்திலுள்ள புள்ளிகளை எண்ணட்டும். அட்டையில் ஒட்டுவது பெரிய தூசிதான், ஆபத்தான நுண்துகள் கண்ணுக்குப் படாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாயிற்கதவு அட்டைதான் மிகவும் கறுத்திருக்கும் என்பது என் ஊகம். மாலையில் பிள்ளைகளை ஏற்றக் காத்திருக்கும் வேனும் ஆட்டோவும் இன்ஜினை அணைக்காமல் நிற்பது அதற்கு ஒரு காரணம். ஓட்டுநர் அண்ணன்மாரிடம் தலைமையாசிரியர் ஒருமுறை பேசி, பிள்ளைகள் எழுதிய அறிவிப்புப் பலகையை வாயிலில் வைத்தால் பெரும்பாலோர் கேட்பார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்கள் கூட்டாக நடந்து வரலாம். வீட்டில் விறகடுப்பு இருந்தால் மழைக்கு முன்பே விறகை மூடி உலர வைப்பது புகையைக் குறைக்கும். தீபாவளிக்கும் விஷுவுக்கும் வெடிக்காத பட்டாசுதானே, தீங்கில்லை என்று நம்பிக் கொளுத்தும் பாம்பு மாத்திரைதான் மூக்கருகே அடர்ந்த புகையைக் கக்குகிறது. அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

மரக்கன்று நடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அது புகையைத் தின்றுவிடும் என்று சொல்லாதீர்கள். வெற்று மண் பறக்கும் மைதான ஓரத்தில் புல்லும் வேலிச்செடியும் வளர்த்தால் தூசி அடங்கும். நட்ட பத்தில் எத்தனை அடுத்த ஜூனில் உயிரோடிருக்கின்றன என்று எண்ணுவதே மன்றத்தின் வேலையாக இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எரியும் குப்பையை அணைக்கவோ, எரிப்பவரோடு வாதாடவோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள்; அது ஆசிரியரும் பஞ்சாயத்தும் பேச வேண்டிய விஷயம். இழுப்பு உள்ள பிள்ளைக்குக் கிளறும் வேலையும் கூட்டும் வேலையும் வேண்டாம், புள்ளி எண்ணுவதைக் கொடுங்கள். குழியை நவம்பர் கடைசிக்குள் வெட்டிவிடுங்கள். இலை கொட்டத் தொடங்கியபின் இடம் தேடினால் தீப்பெட்டிதான் முதலில் கைக்கு வரும்.